கணக்கு விளையாட்டு வகுப்புக்குப் பின் வரட்டும்

“புள்ளைக்குக் கணக்கே ஏற மாட்டேங்குது டீச்சர். போன்ல எந்த கேமைப் போட்டுக் குடுத்தா நல்லாப் போடுவான்?” கடலூருக்கும் சிதம்பரத்துக்கும் இடையே ஆலப்பாக்கம், புதுச்சத்திரம், பி.முட்லூர்ப் பக்கம் எங்கே போனாலும் பெற்றோர் என்னிடம் கேட்கும் கேள்வி இது. ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளிகளில் பாடம் நடத்தி ஓய்வு பெற்றவள் நான். இப்போது மாலை வேளைகளில் எங்கள் ஊர் நூலகக் கட்டடத்தில் பிள்ளைகளைக் கூட்டிவைத்து, பழைய மடிக்கணினிகளில் கணக்கு விளையாட்டு விளையாட வைக்கிறேன். அதனால் இந்தக் கேள்விக்கு என்னிடம் திடமான பதில் உண்டு. விளையாட்டைத் தாராளமாகக் கொடுங்கள். ஆனால் பாடம் முடிந்த பிறகு கொடுங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு கொடுங்கள். பாடத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் விளையாட்டை வைத்தால் பிள்ளைக்கு வந்துகொண்டிருக்கிற கணக்கும் நின்றுபோகும்.

இதை இப்போது சொல்லக் காரணம் இருக்கிறது. தமிழ்நாட்டின் அரசு உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 6,000-க்கும் மேற்பட்ட உயர்தொழில்நுட்ப ஆய்வகங்கள் வந்துவிட்டன. தொடக்கப் பள்ளிகளில் திறன்மிகு வகுப்பறைகள் வந்திருக்கின்றன. ஆசிரியர்கள் கையில் அரசு கொடுத்த கைக்கணினி இருக்கிறது. கருவி வந்து சேர்ந்தாயிற்று. அதில் என்ன ஓட வேண்டும், எந்த நேரத்தில் ஓட வேண்டும் என்று நாம் இன்னும் ஊரறியப் பேசவில்லை.

பேச வேண்டிய அவசரமும் இருக்கிறது. 2024-ஆம் ஆண்டின் அசர் ஆய்வு இந்தியக் கிராமங்களில் வீடு வீடாகப் போய்ப் பிள்ளைகளைக் கணக்குப் போடச் சொன்னது. மூன்றாம் வகுப்பில் 33.7 விழுக்காட்டினர்தான் இரண்டிலக்க எண்ணில் கடன் வாங்கிக் கழித்தார்கள். ஐந்தாம் வகுப்பில் 30.7 விழுக்காட்டினர்தான் மூன்றிலக்க எண்ணை ஓரிலக்க எண்ணால் வகுத்தார்கள். தொடக்கப் பள்ளியை முடிக்கப் போகும் பத்துப் பிள்ளைகளில் ஏழு பேருக்கு வகுத்தல் வரவில்லை என்பது இதன் பொருள். ஆறாம் வகுப்பில் பின்னமும் விகிதமும் இவர்களுக்காகக் காத்திருக்கின்றன. வகுத்தல் வராத பிள்ளை அங்கே என்ன செய்யும்?

எரிகல்லும் ஏழெட்டும்

முதலில் விளையாட்டின் நன்மையைச் சொல்லிவிடுகிறேன். அது சிறியதன்று.

எங்கள் நூலகத்தில் இருப்பவை 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் ஊர்ப் பிள்ளைகள் வாங்கியவை. அவர்கள் படிப்பை முடித்து வேலைக்கும் குடும்பத்துக்கும் போன பிறகு பீரோ மேல் கிடந்தவற்றை வீட்டார் கொண்டுவந்து கொடுத்தார்கள். பேட்டரி செத்துவிட்டது, சார்ஜர் வயரை மாட்டி வைத்தால்தான் ஓடும். ‘டக்ஸ்மேத்’, ‘ஜீகோம்ப்ரி’ ஆகிய இரண்டும் ஓட அது போதும். இரண்டுமே கட்டற்ற மென்பொருள்கள். காசு வேண்டாம், இணையம் வேண்டாம், இடையில் விளம்பரம் வராது.

டக்ஸ்மேத்தை 2001-இல் பில் கென்ட்ரிக் என்ற அமெரிக்க நிரலாளர் தொடங்கினார். வானத்திலிருந்து எரிகற்கள் விழும். ஒவ்வொரு கல்லின் மேலும் ஒரு கணக்கு இருக்கும்: 6+7, 12−5, 7×8. கீழே பென்குவின்களின் பனிவீடுகள். கல் வந்து விழுவதற்குள் விடையைத் தட்டினால் கல் பொடியாகிவிடும். ஜீகோம்ப்ரியை 2000-இல் பிரான்சில் புருனோ கூதுவான் தொடங்கினார். எண்ணிப் பார்ப்பது, தராசில் எடை சமன் செய்வது, காசு கொடுத்துப் பொருள் வாங்குவது என்று நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் உண்டு.

எரிகல் விளையாட்டு என் பிள்ளைகளுக்கு எங்கே உதவுகிறது என்பதைக் கூர்ந்து பார்த்திருக்கிறேன். நம் பிள்ளைகள் வாய்ப்பாட்டைப் பாடுவார்கள். திண்ணைப் பள்ளிக் காலத்து எண்சுவடியிலிருந்து வந்த பழக்கம் அது, நல்ல பழக்கம். ஆனால் “ஏழெட்டு எவ்வளவு?” என்று நடுவில் கேட்டால் பலர் “ஓரெட்டு எட்டு” என்று அடியிலிருந்து தொடங்கி ஏறி வந்துதான் ஐம்பத்தாறைத் தொடுவார்கள். விழும் எரிகல் அதற்குப் பொழுது தராது. வரிசையை உடைத்து, ஏழெட்டைத் தனியாகவும் ஆறொன்பதைத் தனியாகவும் கேட்கும். தவறவிட்ட கணக்கை மறுபடியும் கொண்டுவந்து போடும். பாட்டாக இருந்த வாய்ப்பாடு இப்படித்தான் கையில் எடுத்துப் பயன்படுத்தும் சரக்காக மாறுகிறது.

இந்த வேகம் எதற்கு என்று கேட்பவர்கள், 448-ஐ 8-ஆல் வகுக்கும் பிள்ளையைப் பாருங்கள். “ஐயெட்டு நாற்பது” என்று உடனே வந்தால் மீதி 4, கீழே 8-ஐ இறக்கினால் 48, “ஆறெட்டு நாற்பத்தெட்டு”, விடை 56. அது வராத பிள்ளை விரல் மடக்கி எட்டெட்டாக எண்ணத் தொடங்கும். எண்ணி முடிப்பதற்குள் எந்த இலக்கத்தில் நின்றோம், எதை இறக்கினோம் என்பது நினைவை விட்டுப் போயிருக்கும். அந்தப் பிள்ளைக்கு வகுத்தல் புரியவில்லை என்று நாம் எழுதிவைப்போம். உண்மையில் அதற்கு வராதது பெருக்கல் வாய்ப்பாடு.

இன்னொன்றும் உண்டு. இயந்திரம் திட்டாது. வகுப்பில் எழுந்து நின்று தப்பு விடை சொல்லக் கூச்சப்பட்டு வாயே திறக்காத பெண் குழந்தைகள், எரிகல்லுக்கு முன்னால் அஞ்சாமல் தப்பாகத் தட்டுகிறார்கள். உடனே திருத்தித் தட்டுகிறார்கள். அந்த அச்சமின்மையை மதிக்கிறேன்.

ஒரே விளையாட்டு, இரண்டு விளைவு

இவ்வளவு நன்மை இருந்தும் பாடத்துக்குப் பின்னால்தான் விளையாட்டு வர வேண்டும் என்று ஏன் சொல்கிறேன்? என் நூலகத்தைக் காட்டி மட்டும் சொல்லவில்லை. நம் நாட்டிலேயே இதை முறையாகச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள்.

குஜராத்தின் வதோதரா நகரில் 2000-இல் மாநகராட்சித் தொடக்கப் பள்ளிகளுக்கு அரசு தலா நான்கு கணினி கொடுத்தது. பெரும்பாலான பள்ளிகளில் அவை சும்மா கிடந்தன. ‘பிரதம்’ என்ற கல்வித் தொண்டு அமைப்பு அவற்றில் கணக்கு விளையாட்டுகளைப் போட்டு, நான்காம் வகுப்புப் பிள்ளைகளை வாரத்துக்கு இரண்டு மணி நேரம் விளையாட வைத்தது: ஒரு மணி வகுப்பு நேரத்தில், ஒரு மணி பள்ளிக்கு முன்போ பின்போ. ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள். பயிற்சி பெற்ற ஒருவர் கூடவே இருந்தார். அபிஜித் பானர்ஜி, எஸ்தர் டுஃப்லோ உள்ளிட்ட பொருளியலாளர்கள் இதை அளந்து 2007-இல் வெளியிட்டார்கள். இரண்டாம் ஆண்டு முடிவில் கிடைத்த முன்னேற்றம், நூறு பேர் வரிசையில் நடுவில் நிற்கும் பிள்ளை பதினெட்டுப் பேரைத் தாண்டி முன்னே போவதற்குச் சமம். தொடக்கக் கல்வியில் இது பெரிய தாவல். ஆனால் திட்டத்தை விட்டு வெளியே வந்து ஓராண்டு கழிந்தபோது அதில் சிறு பங்குதான் மிஞ்சியது. விட்டால் போய்விடும் என்பதும் இந்த ஆய்வு சொல்லும் பாடம்.

அடுத்த சோதனை இன்னும் முக்கியமானது. அதே குஜராத்தில் ‘ஞான் ஷாலா’ என்ற அமைப்பு ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் நல்ல வகுப்புகள் நடத்திவந்தது. அங்கே இரண்டாம், மூன்றாம் வகுப்புகளில் கணினிக் கணக்குப் பயிற்சியை இரண்டு விதமாக வைத்துப் பார்த்தார் லீ லிண்டன் என்ற ஆய்வாளர். ஒரு சாராருக்கு வகுப்பு நேரத்தில், ஆசிரியர் நடத்தும் பாடத்திலிருந்து எழுப்பிக் கூட்டிப்போய்க் கணினி முன் உட்கார வைத்தார்கள். இன்னொரு சாராருக்கு வகுப்பு முழுவதும் முடிந்த பிறகு கூடுதலாகக் கொடுத்தார்கள். முதல் சாரார் கணக்கில் பின்தங்கினார்கள். அதுவும் கொஞ்சநஞ்சமில்லை, நடுவில் நின்றவர் இருபது இடத்துக்கு மேல் இறங்கும் அளவுக்கு. இரண்டாம் சாரார் முன்னேறினார்கள். அவர்களிலும் கணக்கில் மிகவும் பின்தங்கியிருந்த பிள்ளைகளும் வயது கூடிய பிள்ளைகளும்தான் அதிகம் பயனடைந்தார்கள்.

மென்பொருள் ஒன்று, நடத்திய அமைப்பு ஒன்று. வைத்த நேரம் மட்டும் வேறு. ஒன்று பிள்ளையை ஏற்றியது, ஒன்று இறக்கியது. கல்விக்குத் திரை வாங்கும் ஒவ்வோர் அதிகாரியும் இந்த ஒரு செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தில்லியில் ‘மைண்ட்ஸ்பார்க்’ மென்பொருளை வைத்து நடந்து 2019-இல் வெளியான ஆய்வும் இதே பக்கம்தான் கைகாட்டுகிறது. பள்ளி விட்ட பிறகு ஒன்றரை மணி நேர மையம். பாதி நேரம் கணினி, மீதி நேரம் ஒரு பயிற்றுநருடன் குழுவாகப் படிப்பு. நான்கரை மாதத்தில் பிள்ளைகள் கணக்கில் தெளிவாக முன்னேறினார்கள்.

35 எப்படி வந்தது?

ஆசிரியர் செய்கிற எந்த வேலையை விளையாட்டு செய்வதில்லை? ஓர் எடுத்துக்காட்டு போதும்.

52-இலிருந்து 27-ஐக் கழிக்கச் சொன்னால் எங்கள் பிள்ளைகள் பலர் 35 என்று தட்டுவார்கள். விளையாட்டு தப்பு என்று சொல்லும். 25 என்று சரியான விடையைக் காட்டும். அடுத்த கணக்குக்குப் போய்விடும். 35 எப்படி வந்தது என்று அது கேட்காது. நான் கேட்பேன்: “எப்படிடா போட்டே? சொல்லு.” பிள்ளை சொல்லும்: “ரெண்டுலேருந்து ஏழு போவாது டீச்சர். அதனால ஏழுலேருந்து ரெண்டைக் கழிச்சேன், அஞ்சு. அஞ்சுலேருந்து ரெண்டு போனா மூணு.” அந்தப் பிள்ளை கவனக்குறைவாகப் போடவில்லை. ஒரு விதியை வைத்துக்கொண்டு ஒழுங்காகப் போட்டிருக்கிறது. விதிதான் தப்பு. எத்தனை எரிகல் விழுந்தாலும் அந்த விதி தானாக மாறாது. அடுத்த கணக்கிலும் அதே விதியோடுதான் பிள்ளை வரும்.

இதற்கு நான் ஈர்க்குச்சிக் கட்டு வைத்திருக்கிறேன். பத்துப் பத்தாக ரப்பர் போட்ட ஐந்து கட்டு, தனியே இரண்டு குச்சி. “இதுலேருந்து இருபத்தேழு குச்சியை எனக்குக் குடு.” பிள்ளை இரண்டு கட்டைக் கொடுக்கும். ஏழு குச்சிக்குத் தடுமாறும். பிறகு ஒரு கட்டின் ரப்பரைக் கழற்றும். கடன் வாங்குவது என்றால் என்ன என்பது அந்த நேரத்தில்தான் கைக்குத் தெரிகிறது. அதற்குப் பின் ஸ்லேட்டில் போட வேண்டும். அதற்கும் பின்புதான் எரிகல். புரிந்ததைப் பழக்கமாக்க விளையாட்டு துணை நிற்கும். புரிய வைக்க குச்சியும் பேச்சும் வேண்டும்.

கணினியால் இந்த வேலையைத் தொடவே முடியாது என்று நான் சொல்லவில்லை. 1970-களிலேயே ஜான் சீலி பிரவுன், ரிச்சர்ட் பர்ட்டன் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் ‘பக்கி’ என்ற நிரலை எழுதினார்கள். கழித்தலில் பிள்ளைகள் கைக்கொள்ளும் தப்பு விதிகளைத் தொகுத்து, ஒரு பிள்ளையின் விடைகளைப் பார்த்து அது எந்த விதியைப் பின்பற்றுகிறது என்று கண்டுபிடிப்பதே அதன் வேலை. என் மாணவன் செய்த ‘பெரியதிலிருந்து சிறியதைக் கழிப்பது’ அந்தத் தொகுப்பில் உண்டு. அரை நூற்றாண்டுக்கு முன்பே செய்ய முடிந்ததை இன்று போனில் இறக்கிக்கொள்ளும் பெரும்பாலான விளையாட்டுகள் செய்வதில்லை. நட்சத்திரமும் நாணயமும் கொட்டுகின்றன. “உன் மகன் கடன் வாங்குவதில் இந்த இடத்தில் தடுக்குகிறான்” என்று தாய்க்கோ ஆசிரியருக்கோ சொல்வதில்லை. அரசு வாங்கும் எந்தக் கணக்கு மென்பொருளுக்கும் முதல் நிபந்தனையாக இதை வைக்க வேண்டும் என்பேன்.

எண்ணே விளையாட்டாகட்டும்

விளையாட்டைத் தேர்ந்தெடுக்க எனக்கு ஓர் அளவுகோல் உண்டு. விளையாட்டில் கணக்கை எடுத்துவிட்டால் மீதி என்ன இருக்கிறது? ஓட்டமும் குதிப்பும் அப்படியே இருந்து, கணக்கு மட்டும் இடையில் வந்து மறிக்கும் சோதனைச் சாவடியாக இருந்தால் அந்த விளையாட்டு வேண்டாம். பிள்ளை கணக்கை இடைஞ்சலாக எண்ணப் பழகிவிடும். கணக்கை எடுத்தால் விளையாட்டே இல்லை என்றால் அது நல்ல விளையாட்டு.

அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ‘பிளேட்டோ’ என்ற கணினி அமைப்பில் 1970-களில் பிள்ளைகள் ‘ஹவ் தி வெஸ்ட் வாஸ் ஒன்’ என்ற விளையாட்டை ஆடினார்கள். சுழற்றினால் மூன்று எண்கள் வரும். அவற்றைக் கூட்டியோ கழித்தோ பெருக்கியோ வகுத்தோ ஒரு விடையாக்கி, அத்தனை கட்டம் நகரலாம். பெரிய எண்தான் நல்லது என்பதில்லை. வழியில் வரும் ஊர்க் கட்டத்தில் சரியாகப் போய் நின்றால் தாவலாம், குறுக்கு வழியும் கிடைக்கும். ஆகவே பிள்ளை ஒவ்வொரு முறையும் நாலைந்து கணக்கை மனத்துக்குள் போட்டுப் பார்த்துத்தான் காயை நகர்த்தும். நம் வீட்டுத் தாயத்தில் எந்தக் காயை நகர்த்தினால் வெட்டலாம், எதை நகர்த்தினால் மலையேறலாம் என்று யோசிப்பதும் இதே புத்திதான்.

கட்டம் எண்ணுவதிலும் ஒரு நுட்பம் இருக்கிறது. கீதா ரமணி, ராபர்ட் சீக்லர் ஆகிய இரு ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்காவின் ஏழை வீட்டு மழலைகள் 1 முதல் 10 வரை வரிசையாக எண் எழுதிய அட்டையில் சிறு சிறு அமர்வுகளாக விளையாடினார்கள். எது பெரியது, எது எங்கே இருக்கும் என்ற எண்ணறிவு கூடியது; அட்டையில் எண்ணுக்குப் பதில் நிறம் மட்டும் இருந்தபோது கூடவில்லை. பின்னாளில் சீக்லர் இன்னொன்றையும் காட்டினார். நான்காம் கட்டத்தில் நிற்கும் பிள்ளை இரண்டு போட்டால் “ஐந்து, ஆறு” என்று எண்ணி நகர வேண்டும். “ஒன்று, இரண்டு” என்று எண்ணினால் அந்தப் பயன் கிடைப்பதில்லை. இதைப் படித்த பிறகு பரமபதம் ஆடும்போது என் பிள்ளைகளை அப்படியே எண்ண வைக்கிறேன். போனில் வரும் பரமபதத்தில் பகடையைத் தொட்டால் காய் தானே ஓடிப்போய் நிற்கிறது. எண்ணும் வேலையை இயந்திரம் எடுத்துக்கொள்கிறது. பிள்ளைக்கு விரல் நுனி வேலைதான் மிச்சம். இப்படிப்பட்டதற்கு அட்டையும் சோழியும் எவ்வளவோ மேல்.

எண்ணில் மட்டுமே விளையாட்டு கிடைக்குமா என்று ஐயப்படுபவர்களுக்குச் சிதம்பரத்திலிருந்தே விடை சொல்லலாம். அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929-இல் தொடங்கியபோது அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தவர் எஸ்.எஸ்.பிள்ளை. 1941 வரை அங்கே இருந்தார். வேரிங் என்ற ஆங்கிலேயர் 1770-இல் எழுப்பிய ஒரு கேள்விக்கு அண்ணாமலை நகரில் உட்கார்ந்துகொண்டு உலகமே வியக்கும் அளவுக்கு விடை கண்டார். அந்தக் கேள்வியின் முதல் படி நான்காம் வகுப்புப் பிள்ளைக்கும் புரியும். 1, 4, 9, 16 புளியங்கொட்டைகளைச் சதுரமாக அடுக்கலாம். எந்த எண்ணிக்கையில் கொட்டை கொடுத்தாலும் அதை நான்கு சதுரங்களுக்குள் அடுக்கிவிடலாம். ஏழு கொட்டை கொடுத்தால் 4, 1, 1, 1. நான்கு சதுரம் வேண்டும். பதின்மூன்று கொடுத்தால் 9, 4, இரண்டே போதும். இருபத்துமூன்று? எங்கள் நூலகத்துத் தரையில் பிள்ளைகள் இதற்காகச் சண்டை போட்டுக்கொண்டு அடுக்குகிறார்கள். வெடியும் இல்லை, நாணயமும் இல்லை. கூட்டலும் பெருக்கலும் மணிக்கணக்கில் நடக்கின்றன. ஆறாம் அடுக்கு எண்களுக்கு இதே கேள்வியின் விடை 73 என்று எஸ்.எஸ்.பிள்ளை 1940-இல் நிறுவினார். அவர் நடந்த ஊரில் இருக்கும் கணினி மாணவர்கள் இந்தப் புளியங்கொட்டை விளையாட்டைத் திரைக்குக் கொண்டுவர வேண்டும் என்பது என் ஆசை.

துறைமுகத்துக் கணக்கு

கடலூர் முதுநகர்த் துறைமுகத்தில் விடியற்காலை ஏலம் முடிந்ததும் பெண்கள் மீனைக் கூறு போட்டு விற்பார்கள். அம்மாவோடு உட்காரும் பிள்ளைகள் எனக்குத் தெரியும். ஒரு கூறு எண்பது ரூபாய், மூன்று கூறு எடுத்தால் இருபது குறைத்து இருநூற்று இருபது, ஐந்நூறு ரூபாய் நோட்டுக்கு மீதி இருநூற்று எண்பது: காகிதமே இல்லாமல் நொடியில் கொடுப்பார்கள். அதே பிள்ளை வகுப்பில் 500 − 220 என்று எழுதிப்போட்டால் திணறும்.

இது என் ஊர் அனுபவம் மட்டுமில்லை. கொல்கத்தா, தில்லிச் சந்தைகளில் வேலை செய்யும் பிள்ளைகளைப் பற்றி பானர்ஜி, டுஃப்லோ குழுவினர் 2025-இல் ‘நேச்சர்’ இதழில் வெளியிட்ட ஆய்வு இதையே சொல்கிறது. சந்தைப் பிள்ளைகள் சிக்கலான வியாபாரக் கணக்கை மனத்திலேயே போட்டார்கள். பள்ளி முறையில் எழுதிய எளிய கணக்கில் தடுமாறினார்கள். பள்ளிப் பிள்ளைகளுக்கோ சந்தைக் கணக்கு வரவில்லை. இரண்டு கணக்கும் ஒரே பிள்ளையின் தலைக்குள் ஒன்றை ஒன்று தெரியாமல் இருக்கின்றன. இவற்றைச் சேர்த்து வைப்பதுதான் ஆசிரியரின் வேலை. நல்ல விளையாட்டின் வேலையும்கூட.

ஆகவே நம் பிள்ளைகளின் திரையில் பனிவீடு மட்டும் போதாது. முதுநகர் மீன் கூறும், பண்ருட்டிப் பலாப்பழமும், கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசி உடைக்கும் முந்திரியும், சிதம்பரம் வீதிகளில் முழம் போட்டு விற்கும் பூவும் வரட்டும். வாங்கியவர் கொடுத்த நோட்டும் மீதியும் ஒரு பக்கம் தெரியட்டும். அதே கணக்கு ஸ்லேட்டில் எழுதும் முறையில் மறுபக்கம் தெரியட்டும். எண்ணும் குரல் நம் பிள்ளைகள் பேசும் தமிழாக இருக்கட்டும். கட்டற்ற மென்பொருள் என்றால் இதைச் செய்ய எவர் அனுமதியும் வேண்டியதில்லை. நிரலைத் திறந்து மாற்றிக்கொள்ளலாம். நம் நாட்டிலேயே சி-டாக் நிறுவனம் சென்னையிலிருந்து ‘பாஸ்’ லினக்ஸ் இயங்குதளத்தையும், பள்ளிகளுக்கென்று அதன் ‘எடுபாஸ்’ வடிவத்தையும் உருவாக்கித் தந்திருக்கிறது. கேரளத்தில் தொடக்க வகுப்புகளுக்கு ‘களிப்பெட்டி’ என்ற பெயரில் கணினிப் பாடநூலே இருக்கிறது. கட்டற்ற மென்பொருள் விளையாட்டுகள் அங்கே பாடத்தோடு சேர்ந்து நடக்கின்றன. பக்கத்து மாநிலம் செய்வதை நாம் செய்ய முடியாதா?

செய்ய வேண்டியவை

முதலாவது, பாடவேளையைத் திரையிடமிருந்து காப்பாற்ற வேண்டும். 2022-இல் தொடங்கிய ‘எண்ணும் எழுத்தும்’ திட்டம் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரித்து, பொருளைத் தொட்டு எண்ணுவதிலிருந்து தொடங்குகிறது. அந்தப் பாதை சரியானது. திறன்மிகு வகுப்பறை வந்துவிட்டது என்பதற்காகக் குச்சிக் கட்டும் மணிச்சட்டமும் அலமாரிக்குள் போய்விடக் கூடாது. ஒரு காணொலியை ஓடவிட்டு வருகைப் பதிவேட்டையும் இணையப் பதிவுகளையும் முடிக்கும் நிலைக்கு ஆசிரியரைத் தள்ளும் அலுவல் சுமையையும் குறைக்க வேண்டும்.

இரண்டாவது, ஆய்வகங்களை மாலையில் திறக்க வேண்டும். உயர்நிலைப் பள்ளி ஆய்வகம் சாயங்காலம் பூட்டிக் கிடக்கிறது. கூப்பிடு தூரத்தில் இருக்கும் தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளிடம் கணினி இல்லை. நான்கரை முதல் ஐந்தரை வரை அவர்களை அங்கே உட்கார வைக்கலாம். இருட்டுவதற்குள் பெண் குழந்தைகளும் வீடு போய்ச் சேரலாம். யார் பார்த்துக்கொள்வார்கள்? பக்கத்து விழுப்புரம் மாவட்டத்தின் முதலியார்குப்பத்தில் 2021 அக்டோபரில் தொடங்கிய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தில் ஊர் ஊராகப் படித்த பெண்கள் மாலையில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். அந்த அனுபவம் இன்னும் ஊரில் இருக்கிறது. அவர்களுக்கு நியாயமான ஊதியம் கொடுத்து, “எப்படிப் போட்டே?” என்று கேட்கப் பயிற்சியும் கொடுத்தால் வதோதராவில் நடந்தது இங்கேயும் நடக்கும். ஒரு கணினிக்கு இரண்டு பிள்ளைகள் போதும்; ஒருவர் தட்டும்போது மற்றவர் ஏன் என்று கேட்பார். ஓராண்டோடு நிறுத்திவிடவும் கூடாது. நிறுத்தினால் கிடைத்தது கரைந்துபோகும் என்று பார்த்தோம்.

“பிள்ளைகள் ஏற்கெனவே போனில் மூழ்கிக் கிடக்கிறார்கள், மறுபடியும் திரையா?” என்று கேட்கும் தாய்மாரின் கவலை நியாயமானது. அதனால்தான் விளையாட்டைப் பொது இடத்தில், பெரியவர் முன்னிலையில், நேரம் வரையறுத்து வைக்கச் சொல்கிறேன். வீட்டில் போனைக் கொடுப்பதானால் விளம்பரமும் காசு கேட்கும் பரிசுப் பெட்டியும் வராத விளையாட்டாகப் பாருங்கள். அரை மணி நேரம் போதும். பக்கத்தில் உட்கார்ந்து, தப்பு விடை வந்தால் திட்டாமல் எப்படி வந்தது என்று சொல்ல வையுங்கள். உங்களுக்கு எழுதப் படிக்கத் தெரியாவிட்டாலும் இந்தக் கேள்வியைக் கேட்க முடியும். பதில் சொல்லும்போது பிள்ளையே பாதித் தப்பைக் கண்டுபிடித்துவிடும். கடைக்குப் போனால் மீதிச் சில்லறையை அவர்களை எண்ணி வாங்க வையுங்கள்.

கடலூர் மாவட்டத்தில் இதைத் தொடங்கப் புதிதாகக் கட்டடம் கட்ட வேண்டியதில்லை. கணினி இருக்கிறது, மென்பொருள் இலவசம், சொல்லிக்கொடுக்கத் தெரிந்த பெண்கள் ஒவ்வோர் ஊரிலும் இருக்கிறார்கள். வரும் கல்வியாண்டில் கடலூர், சிதம்பரம் வட்டாரங்களில் சில பள்ளிகளிலாவது ஆய்வகக் கதவு மாலையில் திறக்கட்டும். ஆண்டு முடிவில் பிள்ளைகளைக் கழிக்கவும் வகுக்கவும் சொல்லி, வந்த விடைகளை ஊர்க் கூட்டத்தில் பெற்றோர் முன்னால் வையுங்கள். பலன் இருந்தால் எல்லாப் பள்ளிகளுக்கும் விரியட்டும். ஐந்தாம் வகுப்பை முடிக்கும் ஒவ்வொரு பிள்ளையும் வகுத்தலோடு வெளியே போக வேண்டும். அதைக் கேட்கும் உரிமை பெற்றோருக்கு உண்டு. செய்து காட்டும் கடமை மாவட்ட நிர்வாகத்துக்கும் கல்வித் துறைக்கும் உண்டு.